இடம் தவறிய மணி

கொடுமணலில் நாங்கள் காலை ஆறு மணிக்கே குழிக்குள் இறங்கிவிடுவோம். வெயிலுக்கு அஞ்சித்தான் இந்த ஏற்பாடு என்று முதல் சில நாள்கள் நினைத்திருந்தேன். கொங்கு நாட்டுச் சித்திரை வெயில் அஞ்சத்தக்கதுதான். ஆனால் விடியற்காலையில் இறங்குவதற்கு வேறொரு காரணமும் இருந்தது. சூரியன் தாழ இருக்கும்போது ஒளி தரையைத் தடவிக்கொண்டு வரும். முந்தைய நாள் மாலையில் தெளித்த நீரின் ஈரமும் மண்ணில் சிறிது மிச்சமிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் சாம்பல் கலந்த மண்ணும் செம்மண்ணும், மிதிபட்டு இறுகிய தரையும் பின்னர் கொட்டி நிரப்பிய மண்ணும் தனித்தனியாகக் கண்ணுக்குப் புலப்படும். பத்து மணிக்கு மேல் குழி முழுவதும் ஒரே வெளுப்பாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், வரலாற்று மாணவனாக அங்கே வேலை பார்த்த நாள்களில் ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். பெரிய கண்டுபிடிப்பு எதுவும் அன்று நிகழவில்லை. ஆயினும் அகழாய்வு என்றால் என்ன என்பதை எனக்குச் சரியாகக் கற்றுக்கொடுத்தது அந்த நாள்தான்.

கொடுமணல் ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலாற்றின் வடகரையில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரை முசிறியையும் சேரர் தலைநகரான கரூரையும் இணைத்த பழைய பெருவழி இவ்வூரைத் தொட்டுச் சென்றது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று போற்றப்படும் ஊர் இதுவே என்பது அறிஞர்களின் பொதுவான முடிவு. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும், 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், இவற்றையன்றித் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் இங்கே அகழ்ந்திருக்கின்றன. இரும்பு உருக்கிய உலைகள், எஃகு செய்த தடயங்கள், நூல் நூற்ற தக்களிகளின் சுடுமண் வட்டுகள், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் எல்லாம் கிடைத்த ஊர் இது. எல்லாவற்றுக்கும் மேலாக இது கல்மணி செய்தவர்களின் ஊர். ஊருக்குப் பக்கத்துக் காடுகளில் மழை பெய்து ஓய்ந்தபின் உழவுச் சாலில் நடந்தால் பளிங்குச் சில்லுகள் மினுங்குவதை இன்றும் காணலாம்.

எங்கள் குழி 5 மீட்டருக்கு 5 மீட்டர். நான்கு மூலைகளிலும் முளையடித்து நூல் கட்டியிருந்தோம். அடுத்த குழிக்கும் எங்கள் குழிக்கும் இடையில் தோண்டாமல் விட்ட மண்வரப்பு ஒன்று இருந்தது. அதன் செங்குத்தான முகத்தில்தான் மண்ணடுக்குகளை வாசிப்பார்கள். தென்மேற்கு மூலை முளையில் அடித்த ஆணியே எங்கள் எல்லா ஆழங்களுக்கும் தொடக்கப் புள்ளி. அன்று எட்டாம் நாள். மூன்றாம் மண்ணடுக்கில், 62 சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றுகொண்டிருந்தோம். எட்டு நாளில் முழங்கால் மட்டத்துக்குச் சற்று மேல் என்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். 25 சதுர மீட்டர் பரப்பில் 5 சென்டிமீட்டர் இறங்கினாலே ஒன்றேகால் கன மீட்டர் மண் வெளியே போக வேண்டும். ஏறத்தாழ இரண்டு டன். அவ்வளவும் கையால் கொத்தி, இரும்புச் சட்டியில் அள்ளி, தலைச்சுமையாக மேலேற்றி, சல்லடையில் சலித்துப் பார்த்த பிறகே மண்மேட்டுக்குப் போகும்.

மேல்மண்ணை எடுக்கும் முதல் நாளோடு மண்வெட்டிக்கும் பிக்காசுக்கும் வேலை முடிந்துவிடும். அதன்பிறகு சிறு கைக்கொத்து, கொத்தனார் வைத்திருப்பது போன்ற கரணை, தூரிகை, மூங்கில் குச்சி ஆகியவைதான் கருவிகள். குழிக்குள் நான்கு பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து பின்னோக்கி நகர்ந்தபடி மண்ணைச் சுரண்டிக்கொண்டு வருவார்கள். பின்னோக்கி நகர்வதற்குக் காரணம் உண்டு: சுரண்டிச் சுத்தம் செய்த தரையை யாரும் மிதிக்கக் கூடாது. இரண்டு ஆண்கள் சட்டி சுமப்பார்கள். மேலே மூங்கில் முக்காலியில் கட்டித் தொங்கும் சல்லடையை ஒரு பெரியவர் ஆட்டிக்கொண்டிருப்பார். எல்லோரும் பக்கத்து ஊர்களின் விவசாயக் கூலிகள். மஞ்சள் வெட்டும் நிலக்கடலை பறிப்பும் இல்லாத மாதங்களில் இந்த வேலைக்கு வருபவர்கள். குழிக்குப் பொறுப்பான மாணவன் என்ற முறையில் குறிப்பேடும் அளவு நாடாவும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் என்னிடம் இருந்தன.

எட்டு மணி வாக்கில் சல்லடையிலிருந்து பெரியவர் கூப்பிட்டார். அவர் உள்ளங்கையில் கார்னீலியன் என்னும் செந்நிறக் கல்லில் செய்த ஒரு சூதுபவள மணி இருந்தது. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம். ஆறு பட்டை தீட்டியிருந்தார்கள், மெருகு ஏற்றவில்லை. ஒரு முனையிலிருந்து துளையிடத் தொடங்கி, மூன்று மில்லிமீட்டர் அளவில் நிறுத்தியிருந்தார்கள். மறுமுனையில் துளைக்கான சிறு கொத்தல் மட்டும் இருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தபோது, அடுப்பில் கனலும் கரித்துண்டின் உட்புறம் போல அதன் உள்ளே ஒரு சிவப்பு அசைந்தது.

முடிக்காமல் விட்ட மணி தொல்லியலாருக்கு முழுமையான மணியைவிட மதிப்பு மிக்கது. முழு மணி எங்கிருந்தும் வந்திருக்கலாம். யார் கழுத்திலிருந்தும் அறுந்து விழுந்திருக்கலாம். பாதியில் விட்ட மணியோ, அதைச் செய்த கை இங்கேதான் இருந்தது என்று காட்டுகிறது. சூதுபவளத்தின் மூலக்கல் கொங்கு நாட்டில் கிடைப்பதில்லை. குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். நீலக்கல்லும் பளிங்கும் பச்சைக்கல்லும் சுற்றுவட்டாரத்திலேயே கிடைத்தன. காங்கேயத்தை அடுத்த படியூரின் பச்சைக்கல் உரோமாபுரி வரை போயிற்று. வடக்கிலிருந்து வந்த கல்லை நெருப்பில் சூடேற்றிச் சிவப்பைக் கூட்டி, சில்லு தட்டி உருவம் கொடுத்து, தேய்த்துப் பட்டை தீட்டி, இரு முனைகளிலிருந்தும் துளையிட்டு நடுவில் சந்திக்கச் செய்வார்கள். துளையிடும்போது உடைந்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். இவ்வூர் ஈமக்காட்டின் ஒரே ஒரு கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன என்பதை நான் படித்திருந்தேன். ஆனால் பாதித் துளையுடன் ஒற்றை மணியைக் கையில் ஏந்தியபோதுதான் அந்த எண்ணிக்கையின் கனம் எனக்குப் புரிந்தது. 2,220 முறை ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு துளையிட்டிருக்கிறார்.

மணியைச் சிறு உறையிலிட்டு, குழி எண், அடுக்கு எண், ஆழம் எழுதிச் சீட்டு வைத்தேன். சல்லடையில் கிடைத்ததால் சரியான புள்ளியைச் சொல்ல முடியவில்லை. வடக்குப் பாதியிலிருந்து வந்த சட்டி, 62 முதல் 67 சென்டிமீட்டர் வரை, அவ்வளவுதான். அதிலேயே நிறைவாக இருந்தேன்.

ஒன்பது மணி இருக்கும். வடக்குப் பாதியில் சுரண்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இந்த எடத்துல மண்ணு பொதுக்பொதுக்குனு இருக்குதுங்க. அந்தப் பக்கம் கெட்டியா இருக்குது. ரெண்டும் ஒண்ணில்லீங்க."

நான் குனிந்து பார்த்தேன். எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஒரே பழுப்புநிற மண். அவர் என் கையைப் பிடிக்காத குறையாகக் கரணையின் பின்புறத்தால் தட்டிக் காட்டினார். ஓரிடத்தில் ஓசை இறுகி ஒலித்தது. ஒரு சாண் தள்ளித் தட்டியபோது மங்கி விழுந்தது. பிறகு நாங்கள் அந்தப் பகுதி முழுவதையும் மெல்லச் சுரண்டி, பூவாளியால் நீர் தெளித்துவிட்டு, தார்ப்பாயைப் பிடித்து நிழல் கட்டிக் காத்திருந்தோம். ஈரம் உறிஞ்சிய பத்து நிமிடத்தில், ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு நீள்வட்டம், சுற்றிலுமிருந்த மண்ணைவிட ஒரு சாயல் கறுத்து, தரையில் எழுந்து வந்தது. பழங்காலத்தில் யாரோ வெட்டி, பின்னர் நிரம்பிப்போன குழி அது.

எப்படித் தெரிந்தது என்று அவரிடம் கேட்டேன். மஞ்சள் வெட்டும்போது கிழங்கு சிதையாமல் எடுக்க வேண்டுமென்றால் கொத்து இறங்கும் விதத்திலேயே மண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றும், ஒருமுறை தோண்டி மூடிய மண் எத்தனை காலமானாலும் பழைய இறுக்கத்துக்குத் திரும்பாது என்றும் சொன்னார். நான் இரண்டு பருவம் வகுப்பில் படித்த மண்ணடுக்கியலின் அடிப்படை அந்த இரண்டு வாக்கியங்களில் முழுமையாக இருந்தது. அகழாய்வு அறிக்கைகள் பெரும்பாலானவற்றில் இயக்குநர், ஆய்வாளர், வரைவாளர், ஒளிப்படக் கலைஞர் பெயர்கள் எல்லாம் வருகின்றன. மண்ணை முதலில் தொட்ட கைகளின் பெயர்கள் வருவதில்லை. வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு பழங்குழி தெரிந்ததற்கு ஏன் இவ்வளவு பரபரப்பு என்று கேட்கலாம். ஆழம் கூடக் கூடக் காலம் பின்னோக்கிப் போகும் என்பது பொதுவான கணக்கு. பிற்காலத்தில் ஒருவர் தம் வீட்டருகே குழி வெட்டினால் அந்தக் கணக்கு அங்கே முறிந்துபோகிறது. அவர் வெட்டிய குழியில் விழும் குப்பை, தமக்கு முந்தைய தலைமுறைகளின் மண்ணுக்குப் பக்கத்தில், அதே ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். 67 சென்டிமீட்டரில் அருகருகே இருக்கும் இரண்டு ஓடுகளுக்கிடையில் நூறு ஆண்டு இடைவெளி இருக்கலாம். கொடுமணலின் வாழ்விடப் பகுதியில் மண்படிவு பெரும்பாலும் தடிமன் குறைந்தது. சில நூற்றாண்டு வாழ்க்கை ஓர் ஆள் உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. இங்கே ஒரு விரற்கடைத் தவறு ஒரு தலைமுறைத் தவறாகிவிடும். குழியிலிருந்து எடுத்த கரித்துண்டை அடுக்கின் கரித்துண்டு என்று எழுதி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், அவர்கள் கரியின் வயதைச் சரியாகவே சொல்வார்கள். அந்த வயதைத் தவறான மண்ணுக்குச் சூட்டியவர்கள் நாமாக இருப்போம்.

இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராயிருந்த மார்ட்டிமர் வீலர் 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் செய்ததும் இதைச் சார்ந்ததுதான். காலம் தெரியாத உள்ளூர்ப் பானைகள் அங்கே குவிந்து கிடந்தன. இத்தாலியில் எந்தக் காலத்தில் செய்யப்பட்டவை என்று தெளிவாகத் தெரிந்த அர்ரெட்டைன் வகைக் கலத்தின் ஓடுகளும் கிடைத்தன. இரண்டும் எந்தெந்த அடுக்கில் சேர்ந்து வருகின்றன என்பதை அவர் எண்ணிட்டுப் பதிந்ததால், வந்தேறிய ஓட்டின் காலம் உடனிருந்த உள்ளூர் ஓட்டுக்கும் கிடைத்தது. அந்த உள்ளூர் ஓட்டைக் கொண்டு பிறகு எத்தனையோ ஊர்களின் காலத்தைக் கணித்தார்கள். இவ்வளவும் சேர்ந்திருந்த இடத்தின் மீது கட்டிய கட்டடம். சேர்க்கை தவறினால் கட்டடம் நிற்காது.

பழங்குழியின் விளிம்பை ஆணிகளால் குறித்து முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குழி 67 சென்டிமீட்டரில் தொடங்கியிருக்க முடியாது. அதை வெட்டியவர் மேலே ஏதோ ஒரு தரையில் நின்று வெட்டியிருக்க வேண்டும். அந்தத் தரை எது? இரண்டாம் அடுக்கா, மூன்றாம் அடுக்கின் நடுவா? மூன்றாம் அடுக்கு 48 சென்டிமீட்டரில் தொடங்கியது. அதிலிருந்து 19 சென்டிமீட்டரை நாங்கள் ஏற்கெனவே வெட்டி எடுத்துவிட்டோம். குழியின் மேற்பகுதி அதற்குள் இருந்திருந்தால், அது சட்டி சட்டியாகப் போய் மண்மேட்டில் சேர்ந்துவிட்டது. மண்வரப்பின் முகத்தைப் பார்த்தேன். குழி சுவரைத் தொட்டிருந்தால் அது தொடங்கும் மட்டம் அங்கே வெட்டுமுகமாகத் தெரிந்திருக்கும். இந்தக் குழி வடக்குச் சுவரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, எந்தச் சுவரையும் தொடாமல் இருந்தது. 48 சென்டிமீட்டரில் தரையைச் சுத்தம் செய்து எடுத்த ஒளிப்படத்தைக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தோம். அந்த இடத்தில் ஒரு மங்கல் இருந்தது; அது குழியா, காயாத ஈரமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தத் தரையை அன்று நான் காலை ஒளியில் பார்க்கவில்லை. பதினொரு மணி வெயிலில் அவசரமாகப் பார்த்துவிட்டு, வேறுபாடு எதுவும் இல்லை என்று என் கையாலேயே குறிப்பேட்டில் எழுதியிருந்தேன்.

அடுத்தது மணி. அது வந்த சட்டியில் அடுக்கின் மண்ணும் குழியின் மண்ணும் கலந்திருந்தன. அதைச் செய்தவர் அடுக்கின் காலத்தவரா, குழியின் காலத்தவரா என்ற கேள்விக்கு இனி விடை கிடையாது. வேதியியலில் ஒரு சோதனை பிழைத்தால் மறுபடி செய்து பார்க்கலாம். வெட்டிய மண்ணை மறுபடி வெட்ட முடியாது.

எங்கள் அகழாய்வின் இயக்குநர் வந்து பார்த்தார். கடிந்துகொள்ளவில்லை. பழங்குழியைப் பாதியாகப் பிரித்து முதலில் ஒரு பாதியை மட்டும் காலி செய்யச் சொன்னார். பிந்தையதை முதலில் எடுக்க வேண்டும், முந்தையதைப் பிறகு தொட வேண்டும் என்பது முறை; அடுக்கில் ஒரு கொத்துக்கூட இனி விழக் கூடாது. அடையாளம் சொன்ன அக்காவே அந்த வேலையில் உட்கார்ந்தார். கண்ணால் காண முடியாத ஒரு விளிம்பை அவர் கை பற்றிக்கொண்டே போனது. கரணை உள்மண்ணைத் தள்ளியதும், பழைய குழியின் பக்கச்சுவர் தானாகக் கழன்று நின்றது. வெட்டியவரின் கருவி பட்ட தடம்கூட ஓரிடத்தில் இருந்தது.

உள்ளே சாம்பல், ஆட்டெலும்புத் துண்டுகள், பளிங்குச் சில்லுகள், அவற்றோடு சில சூதுபவளச் சில்லுகள். அவற்றைப் பார்த்ததும் மணியும் இங்கிருந்துதான் வந்தது என்று எழுதிவிட மனம் துடித்தது. ஆனால் அதற்கு முந்தைய நாள்களில் அடுக்கின் மண்ணிலும் அதே சில்லுகள் வந்திருந்தன. விருப்பம் சான்றாகாது. 84 சென்டிமீட்டரில் சுண்டுவிரல் நுனியளவு கரித்துண்டு ஒன்று அசையாமல் பதிந்திருந்தது. அதைக் கையால் தொடாமல், கழுவித் துடைத்த கரணை நுனியால் நெம்பி, அலுமினியத் தாளில் பொதிந்தோம். பக்கத்தில் வேர் எதுவும் இறங்கவில்லை என்பதைப் பார்த்து எழுதினேன். புதிய வேரின் துணுக்கு ஒட்டிக்கொண்டால் வயது குறைந்து காட்டும். நீளம், அகலம், ஆழம் என்று மூன்று அளவுகளையும் இரண்டு பேர் தனித்தனியாக எடுத்து ஒப்பிட்டோம். காலையில் இந்தக் கவனம் எங்கே போயிற்று என்ற எண்ணம் ஒவ்வோர் அளவின்போதும் வந்தது.

மதிய உணவுக்குப் பிறகு குழியில் வேலை இல்லை. வேப்பமரத்தடியில் பானை ஓடுகளைக் கழுவும் வேலை நடக்கும். பிளாஸ்டிக் தொட்டியில் நீர், மென்மையான பல்துலக்கி. அழுத்தித் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும். உள்ளும் விளிம்பும் கறுத்து, வெளியே சிவந்த கறுப்பு-சிவப்புக் கல ஓடுகள். சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறம் கறுத்துப்போனவை. கொங்குப் பகுதியில் மிகுதியாகக் கிடைக்கும், செங்காவி பூசிக் கோடுகள் வரைந்த ஓடுகள். நனைந்திருக்கும்போது ஒவ்வோர் ஓட்டையும் வெளிச்சத்துக்குச் சாய்த்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். சுட்டபின் கூரிய முனையால் கீறிய எழுத்து அப்போதுதான் கண்ணில் படும், காய்ந்துவிட்டால் நழுவிவிடும். அன்று இரண்டாம் அடுக்கின் பையிலிருந்து ஓர் ஓட்டுத்துண்டு வந்தது. இடப்பக்கம் உடைந்துபோய், கடைசி எழுத்து மட்டும் முழுதாக நின்றது. அது 'ன'. பிராமி எழுத்தைத் தமிழுக்கு ஏற்ப வாங்கிக்கொண்டபோது தமிழுக்கென்று சேர்த்த எழுத்துகளில் ஒன்று. கண்ணன் ஆதன் என்று ஒரு முழுப்பெயர் இவ்வூர் ஓட்டில் முன்னர் கிடைத்திருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு பெயரின் வால் மட்டுமே. ஆனால் அது எந்த அடுக்கு, எந்த ஆழம், எந்தப் பக்கம் என்ற மூன்றும் பையின் சீட்டில் ஐயமின்றி இருந்தன. அன்று எனக்கு அந்த அரைகுறை ஓடு மணியைவிட அழகாகத் தெரிந்தது.

மாலை நான்கரைக்கு மறுபடி குழிக்குப் போனோம். பாதி காலியான பழங்குழியின் வெட்டுமுகம் சாய்ந்த வெயிலில் தெளிவாக நின்றது: அடியில் சாம்பல், அதன்மேல் பழுப்பு மண், அதன்மேல் மறுபடி சாம்பல். அது ஒரே நாளில் நிரம்பிய குழி அல்ல. அளவுகோலும் வடக்கு காட்டும் அம்பும் வைத்துப் படமெடுத்து, வரைதாளில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாக வெட்டுமுகத்தை வரைந்தேன். பிறகு தொல்பொருள் பதிவேட்டைத் திறந்தேன். மணிக்கான வரியில் பொருள், கல், அளவு, எடை, நிறம் எல்லாம் எழுதினேன். அடுக்கு என்ற கட்டத்துக்கு வந்ததும், காலையில் உறையில் எழுதிய 'மூன்று' என்பதை அடித்துவிட்டு, "சல்லடையில் கிடைத்தது, மூன்றாம் அடுக்கு மண்ணும் குழி மண்ணும் கலந்த சட்டி, பிரித்தறிய இயலாது" என்று எழுதி, கீழே என் பெயரையும் தேதியையும் இட்டேன். 48 சென்டிமீட்டர் பற்றிய பழைய குறிப்பை அழிக்கவில்லை; அதன் பக்கத்தில் திருத்தம் எழுதினேன். பின்னால் படிப்பவர் தவறையும் பார்க்க வேண்டும்.

காற்று எழுந்துகொண்டிருந்தது. நொய்யல் பக்கமிருந்து, திருப்பூர்ச் சாயக் கழிவைப் பல ஆண்டுகள் சுமந்த அந்த ஆற்றின் மணம் லேசாக வந்தது. எல்லோருமாகத் தார்ப்பாயை இழுத்துக் குழியை மூடி, ஓரங்களில் கல் வைத்தோம். சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிய அக்கா திரும்பி வந்து, அந்த மணி எந்த மண்ணில் இருந்தது என்று எழுதினேன் எனக் கேட்டார். தெரியவில்லை என்று எழுதியிருக்கிறேன் என்றேன். சிறிது நேரம் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு நான் வெள்ளனவே வந்தர்றனுங்க தம்பி. தண்ணி தெளிச்சு வச்சுப் பாத்துட்டு அப்பறம் கொத்துலாம்."